குணமான கோழிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தோட்டப்புற ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கறிக்கோ முட்டைக்கோ கோழி வாங்குகிறவர் எடையையும் முட்டைக் கணக்கையும் பார்த்தால் போதும். பேரப்பிள்ளையின் மடியில் உட்காரவும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது காலடியில் சுற்றி வரவும் கோழி வேண்டும் என்பவர் முதலில் குணத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த பலர் இன்று தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் வாழ்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் கோழி அடைத்த பழக்கம் மட்டும் கையோடு வந்துவிட்டது. பாடாங் செராய், பீடோர், பகாவ், குளுவாங் என்று எந்தத் தோட்டப்புற ஊருக்கும் இங்கே சொல்பவை பொருந்தும்.

சாதுவான கோழிகள் என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கிய இனங்களில் பல, குளிர்நாடுகளில் வளர்ந்து பெருத்தவை. அந்தப் பட்டியலை அப்படியே நம் கொல்லைக்குக் கொண்டுவந்தால் பறவை வெயிலில் தவிக்கும். தவிக்கும் பறவை யாரோடும் உறவாடாது. நிழலில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஆகவே என் வரிசை இதுதான்: குணம், நம் வெயிலையும் மழையையும் தாங்கும் உடல், அதற்குப் பிறகுதான் அழகு. முதல் இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கோழியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முதல் படி: வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பாருங்கள்

மூலை வீடா, வரிசை வீட்டின் நடுவீடா, தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடா, சொந்த நிலமா? இதற்கு ஏற்பத்தான் இனமும் எண்ணிக்கையும் அமையும். தாமான் பகுதிகளில் கோழி வளர்க்க ஊராட்சி மன்றத்தின் துணைவிதிகள் தடையாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் நேரில் கேட்டுவிடுங்கள். தோட்ட வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் உறங்கும் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் இது.

இடக் கணக்கு எளிது. அடையும் கூண்டுக்குள் நடுத்தரக் கோழி ஒன்றுக்கு நான்கு சதுர அடி, குள்ள இனத்துக்கு இரண்டு சதுர அடி. பகலில் உலாவும் அடைப்பில் ஒன்றுக்கு எட்டு முதல் பத்து சதுர அடி. நெருக்கடியில் எந்தச் சாதுவான இனமும் ஒன்றின் முதுகை ஒன்று கொத்திப் புண்ணாக்கும்.

ஒரே ஒரு கோழியை வளர்க்காதீர்கள். அது கூட்டமாக வாழும் பறவை. குறைந்தது மூன்று பெட்டைகள் வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இறந்துபோனால் மிஞ்சியது தனிமையில் வாடிப்போகும்.

இரண்டாம் படி: வெயில், மழை என்ற இரண்டு சல்லடைகள்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடற்சூட்டைத் தணிக்க அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். கொண்டையிலும் தாடியிலும் ஓடும் இரத்தத்தின் வழியாகச் சூட்டை வெளியேற்றும்; அது போதாதபோது வாயைத் திறந்து மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்கும். நம் ஊர்களில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் மூச்சிரைப்பு அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அதனால்தான் அடர்ந்த இறகும் பெருத்த உடலும் சிறிய கொண்டையும் ஒருசேர அமைந்த இனங்கள் இங்கே திண்டாடுகின்றன. ஒல்லியான உடல், உடலோடு ஒட்டிய இறகு, ஓரளவு பெரிய கொண்டை ஆகியவை இருக்கும் கோழிக்கு வெயில் பெரிய தொல்லையாக இருப்பதில்லை.

அடுத்தது பிற்பகல் மழை. காலில் இறகு முளைத்த இனங்களுக்குச் சேறு பெரும் பகை. விரலிடுக்கில் மண்ணுருண்டை ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். ஈரம் உலராத இறகுக்குள் புண் வரும், செதில்களுக்கடியில் செள் எனும் சிறு பூச்சி பிடிக்கும். சிமெண்டுத் தரையும் கூரையும் உள்ள இடம் உங்களிடம் இருந்தால் மட்டும் அத்தகைய இனங்களை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: இனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

செராமாவிலிருந்து தொடங்குகிறேன். அது இந்த மண்ணின் கோழி. கிளந்தானில் உருவான இந்த இனத்தை வளர்த்தெடுத்த பெருமை வீ யீன் ஈன் என்பவருக்குச் சேரும். 1990இல் போட்டிக் களத்துக்கு வந்து, பின்னர் உலகின் மிகச் சிறிய கோழி இனமாகப் பெயர் பெற்றது. சேவலே அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். நெஞ்சைத் தூக்கி, வாலை நிமிர்த்தி, சிறகை நேராகத் தொங்கவிட்டு அது நிற்கும் நிலையைப் பார்த்தால் திமிர் பிடித்ததோ என்று தோன்றும். கையில் எடுத்தால் அத்தனை சாது. மேசை மீது நின்று போட்டியிடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக மனிதக் கைக்குப் பழகிய பறவைகளையே தேர்ந்து இனவிருத்தி செய்திருக்கிறார்கள். நம் வெப்பத்தில் பிறந்தது. இடமும் தீவனமும் குறைவாகவே கேட்கும். சேவல் கூவினாலும் ஓசை சிறியது. தாமான் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது செராமாதான். முட்டை மிகச் சிறியது என்பதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். உண்மையான குறை, அதன் சிறிய உடல். பூனை, எலி, பெரிய கோழி என எல்லாமே அதற்கு ஆபத்து. இரண்டு சேவல்களை ஒன்றாக விட்டால் சண்டையும் நடக்கும்.

குட்டைக் கால் உள்ள குள்ளக் கோழிகளை ஜோடி சேர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானியக் குள்ளக் கோழியின் காலைக் குட்டையாக்கும் மரபணு தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்து சேர்ந்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக் கால் ஜோடியின் முட்டைகளில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப் போகும். அடைகோழியின் மேல் பழி போடாதீர்கள்.

அடுத்து பட்டுக் கோழி. சீனர் கடைகளில் சூப்புக்காக விற்கும் கருங்கோழியும் இந்தக் குடும்பந்தான். தோல் கருமை, காலுக்கு ஐந்து விரல், இறகு பஞ்சு போல. இறகின் நுண்கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாததால்தான் அந்தப் பஞ்சுத் தோற்றம். அதே காரணத்தால் அது பறக்காது, மழையில் ஒரு நிமிடத்தில் நனைந்து நடுங்கும். குணத்தில் இதற்கு இணை கிடையாது. சின்னப் பிள்ளை மடியில் வைத்து நீவினால் கண்ணை மூடிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் அடைக்குப் படுக்க ஆசைப்படும். எந்தக் கோழியின் முட்டையை வைத்தாலும் பொரித்துத் தன் குஞ்சாகவே வளர்க்கும். ஆனால் தலை உச்சியில் மண்டையோடு மெலிந்திருக்கும் பறவைகள் இந்த இனத்தில் உண்டு. வலுத்த கோழி ஒரு கொத்து கொத்தினால் மூளையே பாதிக்கும். கொண்டை இறகு கண்ணை மறைத்தால் நுனியைக் கத்தரித்துவிடுங்கள். எதிரே வருவது யார் என்று தெரியாமல்தான் அது மிரள்கிறது. மாரெக் எனும் வாத நோயும் இதை எளிதில் பிடிக்கும். அதற்கான தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டும். எனவே குஞ்சு விற்பவரிடம் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு வாங்குங்கள்.

கம்பத்துக் கோழி எனும் நாட்டுக் கோழியை நம்மவர்கள் செல்லப் பிராணியாக நினைப்பதே இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. நோயைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், தானே மேய்ந்து வயிறு நிரப்பும், குஞ்சுகளை உயிரைக் கொடுத்துக் காக்கும். சிக்கல் என்னவென்றால், கம்பத்துக் கோழி என்பது ஒரே இனம் அன்று. பல கலப்புகளின் தொகுதி. அதனால் குணம் ஒவ்வொரு வீட்டுக் கூட்டத்துக்கும் மாறும். செம்பனைக் காட்டோரம் மேயும் கூட்டங்களில் காட்டுக்கோழியின் இரத்தம் கலந்திருக்கும். சாம்பல் நிற மெல்லிய கால், ஒட்டிய உடல், கண்ணிமைக்கும் நேரத்தில் கூரைக்குப் பறக்கும் வேகம் ஆகியவற்றைக் கண்டால் அழகை ரசித்துவிட்டு விலகிவிடுங்கள். காலைச் சுற்றி வரும் தாய்க்கோழி ஒரு வீட்டில் இருந்தால் அதன் குஞ்சைக் கேளுங்கள். நல்ல தாய்வழிக் கம்பத்துக் கோழியைவிட இந்த ஊருக்குப் பொருத்தமான செல்லக் கோழி வேறு இல்லை.

கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் பலர். அந்த மரபணு உடல் முழுவதும் இறகைக் குறைத்துவிடுவதால் வெப்பநாட்டுக்கென்றே படைத்தது போல இருக்கும். பெரும்பாலும் அமைதியானது. பிள்ளைகள் முதல் நாள் சிரிப்பார்கள், பிறகு பெயர் வைத்துவிடுவார்கள். இறகு சுருண்டு நிற்கும் சடைக் கோழியும் சாதுதான். ஆனால் சடைக்குச் சடை ஜோடி சேர்க்கக் கூடாது. குஞ்சுகளில் கால் பங்கு அளவுக்கு அதிகமாகச் சுருண்டு, ஒடிந்து உதிரும் இறகோடு பிறந்து துன்பப்படும். நேரான இறகுள்ள துணையைச் சேர்ப்பதே முறை.

முட்டையும் வேண்டும், உறவும் வேண்டும் என்றால் நடுத்தர உடல் கொண்ட சசெக்ஸ், வரி விழுந்த பிளிமத் ராக், ஆஸ்திரேலியாவில் உருவான ஆஸ்திரலார்ப் ஆகியவற்றைத் தேடலாம். மூன்றும் ஆளைக் கண்டால் ஓடிவரும் இனங்கள். ஆஸ்திரலார்ப் கோழிகள் ஆறு சேர்ந்து 1922–23 ஆண்டுப் போட்டியில் 365 நாளில் 1,857 முட்டை இட்டுப் புகழ் பெற்றன. ஆனால் அது கறுப்புக் கோழி. வெயிலில் விரைவில் சூடேறும். முழு நாளும் நிழல் வேண்டும். ரோட் தீவுச் சிவப்புக் கோழி உழைப்பாளிதான், ஆனால் கொஞ்சம் அதிகாரம் செய்யும். செராமாவோடு சேர்க்க வேண்டாம்.

முட்டைப் பண்ணைகளில் இருக்கும் பழுப்பு நிறக் கலப்பினக் கோழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐசா பிரவுன், லோமன் பிரவுன் போன்றவை. முட்டை குறைந்ததும் பண்ணைகள் இவற்றை மலிவாகத் தள்ளிவிடும். மனிதரைக் கண்டு மிரளாத கோழி என்றால் இதுதான் முதலில் நிற்கும். நீங்கள் உட்கார்ந்தால் மடியில் ஏறும். வந்த புதிதில் இறகு உதிர்ந்து பரிதாபமாக இருக்கும், புல்லை மிதிக்கக்கூடத் தயங்கும். சில வாரங்களில் மாறிவிடும். ஓயாமல் முட்டையிட்ட உடல் என்பதால் கருப்பைக் கோளாறு வர வாய்ப்பு அதிகம், ஆயுளும் குறைவு. அதை ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால் இரண்டு மூன்றை வாங்கி வாழ வையுங்கள்.

இனி ஆசை காட்டும் பெரிய இனங்கள். கொச்சின், பிரம்மா, ஆர்பிங்டன் மூன்றும் குணத்தில் தங்கம். பிரம்மா சேவல் நான்கைந்து கிலோ எடையோடு கம்பீரமாக நடந்து வருவதைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஆனால் ஆர்பிங்டன் 1886இல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் உருவானது. அதன் தடித்த இறகு அந்த ஊர்க் குளிருக்கானது. கொச்சினுக்கும் பிரம்மாவுக்கும் காலெல்லாம் இறகு. காற்றாடி, கூரை, சிமெண்டுத் தரை, மதியத்தில் குளிர்ந்த தண்ணீர் எல்லாம் தர முடிந்தால் மட்டும் வாங்குங்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்ற பழமொழி நாட்டுக் கோழியைப் பார்த்துச் சொன்னது. இந்த எடைக்கு அது பொருந்தாது. முட்டையையும் குஞ்சையும் மிதித்து நசுக்கிவிடும். கொச்சின் மேல் ஆசை அடங்காதவர்கள் அதன் குள்ள வகையை வாங்கலாம்.

செல்லமாக வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்பவை: லெகார்ன் நிறைய முட்டையிடும், ஆனால் நிழல் அசைந்தாலே பறக்கும். தலை முழுக்கப் பூப்போல் இறகுள்ள போலிஷ் கோழிக்குப் பார்வை மறைவதால் எப்போதும் பதற்றம். அசீல் மனிதரிடம் அமைதியாக நிற்கும், ஆனால் பெட்டைகள்கூட ஒன்றையொன்று இரத்தம் வரக் கொத்தும். கலவைக் கூட்டத்தில் அதற்கு இடமில்லை. இரவுச் சந்தையில் பச்சையும் நீலமுமாய்ச் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் பண்ணை ஆண் குஞ்சுகள், அல்லது கறிக்கோழிக் குஞ்சுகள். கறிக்கோழி சில வாரங்களிலேயே கால் தாங்காத அளவுக்குப் பெருத்து, நடக்க முடியாமல் இறக்கும். பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

நான்காம் படி: விற்பவரின் வீட்டில் என்ன பார்ப்பது

இனத்தின் பெயர் பாதி வழிதான் காட்டும். மீதியை அந்தப் பறவையும் அதன் பெற்றோரும் சொல்லும். ஆகவே படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாமல் நேரில் போங்கள். விற்பவர் கூண்டுக்குள் போகும்போது கோழிகள் அவரை நோக்கி வருகின்றனவா, சுவரில் மோதுகின்றனவா என்று கவனியுங்கள். தாயையும் சேவலையும் காட்டச் சொல்லுங்கள். ஆளைத் தாக்கும் சேவலின் குஞ்சு வேண்டாம். அந்த மூர்க்கம் குஞ்சுக்கும் இறங்கும்.

பிறகு பறவையைக் கையில் வாங்குங்கள். முதலில் திமிறுவது இயல்பு. ஒரு நிமிடம் மார்போடு அணைத்திருந்தால் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. கண் தெளிவாக, நுரையில்லாமல் இருக்க வேண்டும். மூக்கில் சளி கூடாது. காதருகே வைத்து மூச்சைக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்புற இறகு எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதா, இறகைப் பிரித்துப் பார்த்தால் பேன் ஓடுகிறதா, கால் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா, நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் குத்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பறவைக்கு நோய் இருந்தால் அந்த வீட்டில் எதையும் வாங்காதீர்கள்.

எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வரும் அலங்காரக் கோழிகளையும் முட்டைகளையும் தொடாதீர்கள். 2004இலும் 2017இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் பரவி ஏராளமான கோழிகள் அழிக்கப்பட்டன.

ஐந்தாம் படி: சேவல் வேண்டுமா?

பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே தேவை. தாமான் வீட்டில் சேவல் வைத்தால் விடியற்காலை நான்கு மணிக்கே அக்கம்பக்கத்தின் பொறுமை கரையும். இடம் இருந்து சேவல் வைத்தாலும் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். குறைந்த பெட்டைகளோடு விட்டால் அவற்றின் முதுகு மொட்டையாகிவிடும்.

சிக்கல், குஞ்சாக வாங்கும்போது ஆணா பெண்ணா தெரியாது என்பது. பட்டுக் கோழியில் நான்கைந்து மாதம் ஆகியும் பல வேளை கூவும் வரை தெரியாது. ஒரு நல்ல வழி உண்டு. சிவப்புச் சேவலையும் வரியுள்ள பிளிமத் ராக் பெட்டையையும் சேர்த்தால் வரும் குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் புள்ளி உள்ளது ஆண், முழுக் கறுப்பு பெண். பொரித்த அன்றே பிரித்துவிடலாம். இல்லையென்றால் விடைக்கோழிகளாக, கொண்டை சிவக்கும் பருவத்தில் வாங்குங்கள். விலை கூடும், ஆனால் குழப்பம் இருக்காது.

ஆறாம் படி: கூட்டத்தை அமைப்பது

அளவும் குணமும் ஒத்தவற்றைச் சேருங்கள். பட்டுக் கோழியும் செராமாவும் ஒரு கூட்டம். சசெக்ஸ், பிளிமத் ராக், பண்ணைப் பழுப்புக் கோழி ஒரு கூட்டம். கம்பத்துக் கோழி இரண்டாவதோடு நன்றாக இருக்கும். சிறிய வீட்டுக்கு மூன்று செராமாப் பெட்டை அல்லது மூன்று பட்டுக் கோழி. மூலை வீட்டுக்கு இரண்டு சசெக்ஸும் இரண்டு கம்பத்துப் பெட்டையும். பெரிய கொல்லை உள்ளவர்கள் இதைவிடக் கூட்டலாம்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப் எப்பே சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து 1921இல் இதை விவரித்தார். நம் பாட்டிமார்களும் இதை அறிந்தே புதுக் கோழியை இருட்டிய பிறகு கூட்டில் ஏற்றினார்கள். புதிதாகச் சேர்க்கும்போது ஒரே ஒரு கோழியைச் சேர்க்காமல் இரண்டிரண்டாகச் சேருங்கள். அடி வாங்குவது பகிர்ந்துவிடும். முதல் ஒரு வாரம் கம்பிவலைக்கு இருபுறமும் இருந்து பார்த்துப் பழகட்டும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்தபின் முதல் மாதம்

ஏற்கெனவே கோழி இருந்தால் புதியதை முப்பது நாள் தனியாக, வேறு பாத்திரம் வேறு செருப்போடு வளருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். வெள்ளைக் கழிச்சல் எனும் நியூகாசல் நோய் ஒரு முறை நுழைந்தால் கூட்டமே போய்விடும்.

அந்நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணில் சொட்டாக விட்டு, மூன்று நான்கு வாரத்தில் மறுபடி கொடுத்து, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் தொடர வேண்டும். வெயிலில் கெட்டுப்போகாத வி4 வகைத் தடுப்பு மருந்தைத் தீவனத்தோடு கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறை, செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில், 1980களில் ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. கொல்லையில் கோழி வளர்ப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை. எந்த மருந்து, எந்த நாளில் என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள். கோழி அம்மை கொசுவால் பரவும். அதற்கும் ஊசி உண்டு.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். நம் பகல் வெப்பத்தில் விளக்கு பெரும்பாலும் இரவுக்கும் மழை நாளுக்குமே தேவைப்படும். குஞ்சுகள் குவிந்து கத்தினால் குளிர், ஓரங்களுக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

எட்டாம் படி: கைக்குப் பழக்குவது

எத்தனை நல்ல இனமாக இருந்தாலும் இந்தப் படியைத் தவறவிட்டால் வெறும் கோழிதான் மிஞ்சும்.

பருந்து மேலிருந்துதான் வரும். அதனால் மேலிருந்து இறங்கும் கை எந்தக் கோழிக்கும் பருந்துதான். தரையில் உட்காருங்கள். உள்ளங்கையை மேலே பார்த்தபடி தரையில் வைத்து, அதில் கொஞ்சம் நொய்யோ கரையானோ போட்டுக் காத்திருங்கள். குஞ்சாக இருந்தால் முதல் இரண்டு வாரம்தான் பொன்னான காலம். காலையும் மாலையும் பத்து நிமிடம், அதே குரல், அதே "பா... பா... பா..." அழைப்பு, அதே பாத்திரத்தின் ஓசை. முதலில் கையைச் சுற்றி வரும், பிறகு கையில் ஏறும், அதன்பின் கையிலேயே உறங்கும்.

வளர்ந்த கோழிக்கு நாள் கூடுதலாகும். துரத்திப் பிடிக்கவே கூடாது. ஒரு நாள் துரத்தினால் ஒரு வாரப் பழக்கம் போச்சு. பிடித்தே ஆக வேண்டும் என்றால் இருட்டியபின் கூட்டிலிருந்து மெதுவாக எடுங்கள். ஒரு கையை நெஞ்சுக்கடியில் கொடுத்து, கால்களை விரல்களுக்கிடையில் தாங்கி, மறுகையால் சிறகை அணைத்து உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் சந்தைப் பழக்கம் வீட்டுக்குள் வரவே கூடாது.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே கோழியை வாங்கட்டும். நின்றுகொண்டு வாங்கினால் நழுவும்போது இறுக்கிவிடுவார்கள். கோழி மின்னுவதையெல்லாம் கொத்தும். தோடு, மூக்குத்தி, கொலுசு, கண் எல்லாவற்றையும். எனவே முகத்தருகே கொண்டுபோக வேண்டாம், முத்தம் வேண்டாம். நலமான கோழியின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

சேவல் குஞ்சை மட்டும் அளவோடு கொஞ்சுங்கள். மனிதரிடம் பயம் முழுதும் போன சேவல், ஐந்தாறு மாதத்தில் உங்களையே எதிரிச் சேவலாக எண்ணத் தொடங்கும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு வந்தால் அது அன்பு அன்று, அறைகூவல். உதைக்காதீர்கள், ஓடவும் செய்யாதீர்கள். அமைதியாக அதன் பக்கம் நடந்து, அது விலகும் வரை நில்லுங்கள். அப்படியும் தாக்கினால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருப்பது நியாயமில்லை.

தீபாவளிப் பட்டாசு நாட்களில் மாலையிலேயே அடைத்து, கூண்டின் பக்கங்களைச் சாக்கால் மூடிவிடுங்கள். மிரண்ட கோழி மறுபடி பழக நாளாகும்.

ஒன்பதாம் படி: தோட்டப்புறத்து ஆபத்துகள்

மரநாய் எனும் மூசாங், மலைப்பாம்பு, உடும்பு, அவிழ்த்துவிட்ட நாய் ஆகிய நான்கும் இந்த ஊர்க் கோழிகளின் எமன்கள். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். சிதறிய தீவனத்தை இரவில் தரையில் விடாதீர்கள். அறுகோண ஓட்டையுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், மூசாங்கை வெளியே நிறுத்தாது. அரையங்குலச் சதுரக் கம்பிவலையே வேண்டும். அதைத் தரைக்குள் ஓரடி புதைத்து, கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போடுங்கள். பட்டுக் கோழிக்கும் கொச்சினுக்கும் அடையும் கட்டை ஓரடி உயரத்துக்கு மேல் வேண்டாம். தகரக் கூரையின் மேல் இடைவெளி விட்டு மட்டை வேய்ந்தால் மதியச் சூடு நன்றாகக் குறையும். வேப்பிலை கலந்த சாம்பலும் உலர்ந்த மண்ணும் நிரப்பிய ஒரு தொட்டி வையுங்கள். புழுதியில் புரண்டுதான் அவை பேனை விரட்டும்.

தோட்ட எல்லையில் வீடு இருந்தால் இன்னொன்று. எலிக்கு வைக்கும் நஞ்சுக் கட்டியும், களைக்கு அடிக்கும் மருந்தும் கோழிக்கு நஞ்சு. மலேசியாவில் பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்து அடிக்கும் நாளைத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றும் அடுத்த சில நாட்களும் கோழிகளை அடைப்பிலேயே வைத்திருங்கள்.

தீவனம் பற்றிச் சுருக்கமாக: குஞ்சுக்குக் குஞ்சுத் தீவனம், முட்டையிடும் கோழிக்கு முட்டைக் கோழித் தீவனமும் கிளிஞ்சல் பொடியும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உப்பும் காரமும் சேர்ந்த மீந்த கறியைப் போடாதீர்கள். வெண்ணெய்ப் பழமும் (அவகாடோ) வேகாத மொச்சை வகைகளும் ஆகாது.

வாங்குவதற்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் இருக்கும். முட்டை இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே குறையத் தொடங்கும். அதற்குப் பிறகும் தீவனம் போட எல்லாருக்கும் சம்மதமா? பொரித்த குஞ்சுகளில் பாதி சேவலாகத்தான் வரும். அவை எங்கே போகும்? முனீஸ்வரன் பூசைக்கோ விருந்துக்கோ வேண்டும் என்று வீட்டில் ஒருவர் நினைத்து, பெயர் வைத்துக் கொஞ்சும் பிள்ளை வேறொன்றை நினைத்தால், கோழியால் வந்த மகிழ்ச்சியெல்லாம் ஒரே நாளில் கண்ணீராகிவிடும். செல்லக் கோழிகளுக்கு ஒரு கூண்டு, மற்றவைக்கு வேறு கூண்டு என்று முதலிலேயே பிரித்து வையுங்கள். எது எந்தக் கூண்டு என்பதைப் பிள்ளைகளிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வெளியூர் போகும் நாட்களில் கூண்டைத் திறந்து அடைக்கப் பக்கத்து வீட்டில் ஒருவரைக் கேட்டு வைத்த பிறகு, விற்பவரிடம் முன்பணம் கொடுங்கள்.